ஐஸ் பெட்டிக்குள் போன டியூப்

பெங்களூரில் பதினாறு வருடமாக நான் செய்யும் வேலை, காலையில் பிறர் வீட்டு மணியை அடித்து அவர்களுடைய ரத்தத்தை வாங்கிக்கொண்டு வருவது. ஒரு பரிசோதனைக் கூடத்தின் சாம்பிள் ஆள் நான். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று யாருக்கு என்ன வேண்டுமோ அதற்குரிய நிற மூடி போட்ட டியூபை எடுக்க வேண்டும். நரம்பைத் தேடி, குத்தி, நிரப்பி, ஸ்டிக்கர் ஒட்டி, தோள்பையில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஸ்கூட்டரைக் கிளப்ப வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. குத்துவதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. மற்ற பையன்கள் மூன்று முறை குத்தியும் கிடைக்காத நரம்பு என் விரலுக்கு ஒரே தடவையில் அகப்படும். எடுத்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்தது. அந்த ரத்தம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு யாருடைய தலைவலியோ என்றுதான் இருந்தேன்.

என் மனைவி ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் போன் எடுப்பவள். நாங்கள் இருப்பது ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில். அவள் பிறந்தது அல்சூரில். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் அவள் வாயில் ஒரே வேகத்தில் வரும். தெலுங்குக்காரர் போன் செய்தால் அதையும் சமாளிப்பாள். வீட்டில் நான் பேசியதைவிட அவள் பேசியதே அதிகம். அதைப் பற்றி நான் குறைபட்டுக்கொண்டதும் உண்டு. அப்படிக் குறைபட்ட நான்தான் இப்போது இதை எழுதுகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் போனைக் காதில் வைத்தபடியே அவளுக்கு வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடது பக்கம், பேச்சு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. மண்டையைத் திறந்து, எடுக்க முடிந்த வரை எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்ட் என்று நாங்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள், பல மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் நல்ல காலம், பேச்சு தப்பியது. எப்போதாவது உப்பைச் சர்க்கரை என்பாள், அவ்வளவுதான். கிளினிக்கில் அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. போய் உட்கார வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் ஆசை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக்கொண்டே வந்தோம். ஒரு ஸ்கேனில் பழைய இடத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. டாக்டர் கன்னடக்காரம்மா. ஆனால் எங்களிடம் தமிழில் பேசுவார்.

“இது கட்டி திரும்ப வந்ததா இருக்கலாம். இல்ல, கரண்ட் வெச்ச எடம் வெந்துபோய் இந்த மாதிரி தெரியலாம். ரெண்டும் ஸ்கேன்ல ஒரே மாதிரிதான் இருக்கும்” என்றார்.

“அப்போ எதுன்னு எப்படி மேடம் தெரியும்?” என்று கேட்டேன்.

“தொறந்து பாத்தா தெரியும். ஆனா எடம் பேச்சுக்கு ரொம்ப பக்கம். வெந்த எடத்துக்காக தொறந்து, பேச்சு போச்சுன்னா? அதுதான் யோசிக்கறேன்.”

என் மனைவி தலைமுடியைத் தடவிக்கொண்டாள். அப்போதுதான் காது மறையும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

அப்புறம்தான் டாக்டர் அந்த மருத்துவமனையில் நடக்கும் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். கட்டி இருந்தால் அதிலிருந்து துண்டு துண்டாக டி.என்.ஏ உதிர்ந்து ரத்தத்தில் கலக்குமாம். கையிலிருந்து ஒரு டியூப் ரத்தம் எடுத்து அந்தத் துணுக்குகளைத் தேடிப் பார்ப்பார்களாம். தலையைத் தொட வேண்டியதே இல்லை. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ரத்தமா? அது என் ராஜ்ஜியம் அல்லவா?

“ஸ்வல்ப இருங்க” என்று டாக்டர் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். “மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. எல்லாம் இந்தப் பக்கம் கசியாது. ரத்தத்துல துணுக்கு தெரிஞ்சா, கட்டி இருக்குன்னு கிட்டத்தட்ட நம்பலாம். தெரியலன்னா, இல்லன்னு சொல்ல முடியாது. இத மட்டும் வெச்சு நான் எதையும் முடிவு பண்ண மாட்டேன். சாம்பிள் கெட்டுப்போச்சுன்னா, இல்ல சரியா வரலன்னா, முதுகுலேர்ந்து தண்ணி எடுத்துப் பாத்துடலாம். அது மூளைய சுத்தி ஓடற தண்ணி. அதுல இன்னும் நல்லா தெரியும். ஆனா முதுகுல ஊசி போடணும், அதனால முதல்ல கை.”

எனக்குத் தலை சுற்றியது. நான் சுமந்த டியூப்களில் சர்க்கரை இருக்கிறது என்றால் இருக்கும், இல்லை என்றால் இருக்காது. தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமில்லை என்று சொல்லும் பரிசோதனையை அன்றுதான் கேள்விப்பட்டேன். வெளியே வந்ததும் மனைவி, “உங்க தொழில்தானே, உங்களுக்குப் புரிஞ்சிருக்குமே?” என்றாள். புரிந்தது என்று தலையாட்டினேன்.

அந்த வாரமே மருத்துவமனையில் ரத்தம் எடுக்கப் பார்த்தார்கள். மருந்தும் குளுக்கோஸும் ஏறி ஏறி அவள் நரம்புகள் எல்லாம் ஒளிந்துகொண்டிருந்தன. நாலு இடத்தில் குத்தினார்கள். கிடைக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில், “விடுங்க சிஸ்டர், நானே எடுத்துத் தரேன்” என்று சொல்லிவிட்டேன். ஆராய்ச்சியைக் கவனித்துக்கொள்ளும் இளம்பெண் முதலில் தயங்கினாள். என் அடையாள அட்டையைப் பார்த்து, உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கொடுத்தாள். உள்ளே ஒரு டியூப். இதுவரை நான் பார்த்திராத மூடி.

“சார், இது ஸ்பெஷல் டியூப். மெதுவா பத்து தடவை கவுத்துக் கவுத்து நிமிர்த்துங்க, குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் வேண்டாம், ஐஸ் வேண்டாம். ரூம் டெம்பரேச்சர் மட்டும்தான்” என்று மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கு எரிச்சலே வந்தது. பதினாறு வருஷ ஆளிடம் எல்.கே.ஜி பாடம் எடுக்கிறாளே என்று.

மறுநாள் காலை ஆறரைக்கு மனைவியை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இடது முழங்கைக்குக் கீழே, யாரும் தேடாத இடத்தில் நரம்பைக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுத்தேன். “வலிக்கவேயில்ல” என்றாள். டியூபைப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். ஸ்டிக்கர் ஒட்டினேன். பையைத் தோளில் மாட்டினேன். மருத்துவமனைக்குப் போகிற வழியில் இரண்டே இரண்டு வீட்டு வேலையை மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். லீவு போட்டிருக்கலாம், போடவில்லை.

இரண்டாவது வீடு ஒரு பெரியவருடையது. அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவருடைய டியூபை உள்ளே வைப்பதற்காக ஐஸ் பெட்டியைத் திறந்தேன். என் மனைவியின் டியூப் ஜெல் பாக்கெட்டுகளுக்கு நடுவில் சமர்த்தாகப் படுத்திருந்தது. நான் வைத்ததாக எனக்கு நினைவே இல்லை. முதல் வீட்டில் பெட்டியைத் திறந்தபோதும் கண்ணில் படவில்லை. கை வைத்திருக்கிறது. நிரப்பு, ஒட்டு, பெட்டிக்குள் வை என்று பதினாறு வருடம் பழக்கிய கை, மூளையைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டது. அது உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

பெரியவர், “என்னப்பா, கம்மியா எடுத்துட்டியா?” என்று கேட்டார். “இல்ல சார், ஆயிடுச்சு” என்றேன்.

அதற்கப்புறம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் என்னையே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, டியூபில் இருந்த ஈரத்தைக் கைக்குட்டையால் துடைத்தேன். பிறகு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மூடிக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். காவலாளி நான் ஏதோ வேண்டுதலில் இருக்கிறேன் என்று நினைத்து விலகிப் போனார். டியூப் வெதுவெதுப்பானதும் மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். “ரூம் டெம்பரேச்சர்தானே சார்?” என்று அந்தப் பெண் கேட்டாள். “ஆமா மேடம்” என்றேன்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் இன்னொரு டியூப் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதானே? இல்லை, சாம்பிள் கெட்டுப்போனால் முதுகில் ஊசி என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதை நினைத்துப் பயந்தேனா, அல்லது முந்தாநாள் சேர்ந்தவன் செய்கிற தப்பைச் செய்துவிட்டேனே என்ற வெட்கமா? அந்த நேரத்தில் எனக்கே தெரியவில்லை. ஒரு மணி நேரக் குளிரில் என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்பதுதான் நிஜம்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. கட்டியின் துணுக்கு எதுவும் கண்டறியப்படவில்லை.

டாக்டர் முன்பு சொன்னதையே மறுபடியும் சொன்னார். “தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. ஆனா ஸ்கேன்ல இருக்கறதும் கொஞ்சம்தான். ரெண்டையும் சேத்துப் பாத்தா, இப்பவே தொறக்க வேண்டாம்னு தோணுது. ரெண்டு மாசம் பொறுத்து இன்னொரு ஸ்கேன் பாக்கலாம்.” இவ்வளவும் சொன்னார். என் மனைவியின் காதில் விழுந்தது ‘தெரியல’ என்ற ஒரு சொல்தான். வீட்டுக்குத் திரும்பும்போதே பேக்கரியில் ஆட்டோவை நிறுத்தி மைசூர்பாகு வாங்கினாள். எங்கள் சந்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்தாள். “ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம். இவருதான் எடுத்தாரு, ஒரே குத்து” என்று பெருமை வேறு. எதிர்வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருப்பேப்பா” என்றார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

அன்றிலிருந்து போனில் தேட ஆரம்பித்தேன். பாதி புரியவில்லை. புரிந்த பாதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த மாதிரி டியூப் குளிர்ந்தால் ரத்தத்திலிருக்கும் வெள்ளணுக்கள் உடையலாம், அவற்றின் டி.என்.ஏ வெளியே கொட்டிவிடலாம் என்று ஒரு இடத்தில் போட்டிருந்தது. கட்டியிலிருந்து வந்த கொஞ்சநஞ்சத் துணுக்கு அந்தக் கும்பலில் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் தொலைந்த பிள்ளை மாதிரி ஆகிவிடும். இன்னொரு இடத்தில், கொஞ்ச நேரக் குளிரால் பெரிய வித்தியாசம் இல்லை என்றிருந்தது. எதை நம்புவது? கட்டி இல்லாததால் தெரியவில்லையா? இருந்தும் அந்தத் தடுப்பைத் தாண்டி வராததால் தெரியவில்லையா? வந்தும் என் ஐஸ் பெட்டி மறைத்துவிட்டதா? யோசிக்க யோசிக்க மூன்றும் ஒன்றுபோலவே பட்டன. ஒரு நாள் காலையில், ‘டாக்டரே அதைப் பெரிதாக நம்பவில்லை, அப்புறம் உனக்கென்ன?’ என்று நிம்மதியானேன். அன்று மதியமே, ‘நம்பாமலா ரெண்டு மாசம் தள்ளிப் போட்டார்?’ என்று அந்த நிம்மதி போய்விட்டது. டிராபிக்கில் சிக்னல் விழுந்தது தெரியாமல் நின்று, பின்னால் இருப்பவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவளோ வேலைக்குத் திரும்பத் தயாராகிக்கொண்டிருந்தாள். காலையில் நான் டிபன் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து, டி.வி. ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்ப்பாள். டாக்டர் எத்தனை மணிக்கு வருவார், எந்தக் கிழமை லீவு என்று நாலு மொழியிலும் சொல்லிப் பார்ப்பாள். நான் பல்வலிக்காரனாக நடிக்க வேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ரிப்போர்ட் வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். “டாக்டர் மங்களவாரா இரல்லா” என்று கன்னடத்தில் சொல்லி முடித்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். “டாக்டர் வந்து...” என்று நின்றுவிட்டாள். மங்களவாரா என்றால் செவ்வாய்க்கிழமை. அந்தச் சொல் தமிழில் வரவில்லை. மறுபடியும், “டாக்டர் வந்து...” விரலை மடக்கி, ஞாயிறு, திங்கள் என்று எண்ணிப் பார்த்தாள். மூன்றாவது விரலில் அப்படியே நின்றாள். என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். பிறந்ததிலிருந்து பேசிய பாஷை அவளுக்கு ஒரு விரலில் வந்து முட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்தது, கையில் சூடாக்கியது, அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னது, எல்லாம். சொல்லும்போது அழுதேன். அவள் அழவில்லை.

“எவ்ளோ நேரம் உள்ள இருந்துச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

“அதனாலதான் ஒண்ணும் தெரியலையா?”

“தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம்.”

அவள் எழுந்து போய்ப் பால் வைத்திருந்த அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தாள். “ஆட்டோ புடிங்க” என்றாள். வழியெல்லாம் பாதியில் நிற்கும் மேம்பாலத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. பேச வரவில்லையா, என்னிடம் பேசப் பிடிக்கவில்லையா என்று குழம்பிக்கொண்டே நானும் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நான் சொன்னதை ஃபைலில் எழுதினார். அவளை நாள், கிழமை, பொருட்களின் பெயர் எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். அன்றே ஸ்கேன் எடுத்து, முதுகில் ஊசி போடுவதற்கு ஆபத்தான வீக்கம் இல்லை என்று பார்த்தார்கள். பிறகு புது டியூபில் ரத்தமும், முதுகிலிருந்து நீரும் எடுத்தார்கள். ரத்தம் எடுக்க நர்ஸ் மூன்று தடவை குத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து இரண்டு முடிவும் வந்தன. இந்த முறை ரத்தத்தை யாரும் ஐஸில் வைக்கவில்லை. அப்படியும் அதில் ஒன்றும் தெரியவில்லை. முதுகு நீரில் தெரிந்தது. போன தடவை எடுத்த கட்டியின் டி.என்.ஏவில் இருந்த அதே மாற்றம், அதே துணுக்கு. கட்டி திரும்பி வந்திருக்கிறது.

“அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம். பேச்சு எவ்ளோ காப்பாத்த முடியுமோ பாக்கறேன்” என்றார் டாக்டர். புதிய ஸ்கேனில் அந்த வெள்ளை முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகியிருந்தது என்பதையும் சொன்னார்.

வெளியே வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வந்தது துக்கம் இல்லை. ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. பத்திரமாக வைத்திருந்த டியூபிலும் ஒன்றும் இல்லை என்றால், அன்றைக்கு என் ஐஸ் பெட்டியும் அநேகமாக எதையும் மறைத்திருக்காது. ஒரு மாதத்துக்கு மேலாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்விக்கு இப்படிப் பதில் வந்துவிட்டது என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“பாத்தியா, ஐஸ்ல வெக்காத டியூப்லயும் ஒண்ணும் தெரியல. அன்னிக்கு நான் வெச்சதால எதுவும் ஆகல” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். அந்த நாட்களில் அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத்தான் பேசினாள். அவசரப்படுத்தக் கூடாது. காத்திருந்தேன்.

“சரி. ஐஸ் ஒண்ணும் பண்ணல” என்றாள். மறுபடியும் தேடினாள். “நீங்க... அன்னிக்கே சொல்லியிருந்தா... முதுகுல ஊசி... அன்னிக்கே போட்டிருப்பாங்களா, மாட்டாங்களா?”

நான் சொல்லாமல் இருந்தது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் நாங்கள் யாரிடம் என்ன கேட்டாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றுதான் பதில் வந்தது. இதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“போட்டிருப்பாங்க” என்றேன்.